மண் ஓவலில் ஷாக் வால்விங்: பட்டறிந்தவை

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

வணக்கம். மண் ஓவலில், அதாவது முட்டை வடிவ மண் தடத்தில், கார் ஓட்டும் நம்ம ஆட்கள் என்ஜினைப் பற்றி விடிய விடியப் பேசுவோம். ஷாக் (எண்ணெய்க் குழாய்க்குள் ஒரு தண்டு போய் வந்து சக்கரத்தின் துள்ளலை அடக்கும் சாதனம்) என்று வந்தால் "கெட்டியானதைப் போடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பேச்சை நம்பி நான் இரண்டு சீசனைத் தொலைத்தேன். என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

நானும் மச்சானும் வீட்டு கேரேஜிலேயே ஒரு நாலு சிலிண்டர் சலூனைக் கட்டினோம். பின் சக்கர டிரைவ். டர்பன் பக்கம் ஈர மண்ணில் நன்றாகவே ஓடியது. வளைவில் நுழையும்போது மட்டும் வால் கொஞ்சம் வெளியே போகும். அதற்காகக் கடையில் இருந்ததிலேயே கெட்டியான ஷாக்கை நாலு மூலைக்கும் வாங்கி மாட்டினோம். ஜூலை மாதம் பக்கியில் (பிக்கப் வண்டி) டிரெய்லரைக் கட்டி, என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி, ஜோஹானஸ்பர்க் பக்கம் ஒரு பந்தயத்துக்குப் போனோம்.

ஜோஹானஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலம் என்றால் வறட்சி. இரண்டு ஹீட் (சின்னச் சுற்றுப் பந்தயம்) முடிவதற்குள் தடம் காய்ந்து, டயர் பட்டுப் பட்டு சிமெண்டுத் தரை போல வழவழத்துவிட்டது. வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரம் சும்மா சுழல்கிறது. கார் முன்னால் போகவே இல்லை.

பக்கத்தில் லெனேஷியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் பேரன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, பிடி எங்கே விடுகிறது? நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா?" அப்படிப் பிரித்து நாங்கள் யோசித்ததே இல்லை.

அவர் சொன்னது இதுதான். வளைவில் எவ்வளவு எடை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் என்பதைக் காரின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கர அகலம், வளைவில் போகும் வேகம் இவையெல்லாம் சேர்ந்து முடிவு செய்துவிடும். ஷாக்கால் அந்த அளவைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அந்த எடை எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பது மட்டும்தான் ஷாக்கின் கையில் இருக்கிறது. தண்டு நகர்ந்தால்தான் ஷாக்கில் விசை பிறக்கும். வளைவின் நடுவில் கார் ஒரே சாய்வில் நிலையாகப் போகும்போது தண்டு அனேகமாக நகர்வதில்லை. அங்கே கார் சரியில்லை என்றால் ஸ்பிரிங், டயர் காற்று, எடைப் பங்கீடு இவற்றைப் பார்க்க வேண்டும். நுழைவிலும் வெளியேறும் இடத்திலும் தொல்லை என்றால் ஷாக்கைப் பார்க்கலாம்.

எங்கள் முன் ஷாக்கில் ரீபவுண்ட், அதாவது ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பு, மிகவும் கெட்டி. ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் மூக்கு எழுந்து எடை பின் சக்கரத்தில் அமர வேண்டும். அந்த ஷாக் மூக்கை எழவிடாமல் பிடித்து வைத்திருந்தது. ஈர மண்ணில் பிடி தாராளமாக இருந்ததால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. பெரியவர் தன்னிடமிருந்த பழைய ஷாக் இரண்டைக் கொடுத்தார், ரீபவுண்ட் இளக்கமானவை. முன்னால் மாட்டி ஓடினோம். பின் சக்கர அமைப்பைத் தொடவில்லை, டயர் காற்றைக்கூட மாற்றவில்லை. கார் வளைவிலிருந்து கிளம்பியதைப் பார்த்து மச்சான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

டோங்காட்டிலிருந்து:

அண்ணா, நான் ஷாக்கைப் பிரித்து வால்வ் மாற்றுகிறவன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். தண்டின் நுனியில் உள்ள பிஸ்டனின் இரு பக்கமும் மெல்லிய எஃகு வட்டத் தகடுகளை அடுக்கியிருக்கும், ஷிம் என்போம். ஒரு பக்கத்து அடுக்கு கம்ப்ரஷனுக்கு (ஷாக் அமுங்கும்போது), மறு பக்கத்தது ரீபவுண்டுக்கு. தண்டு மெதுவாக நகரும்போது எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகக் கசிந்து போகும். வேகம் கூடினால் தகடுகளை வளைத்துக்கொண்டு போகும். கார் சாய்வது, மூக்கு குத்துவது எல்லாம் மெதுவான நகர்வு. பொதுவாக செகண்டுக்கு 5 அங்குலத்துக்குக் கீழே. குழியில் விழுவது வேகமான நகர்வு. ஓட்டுபவர் வளைவில் உணர்வது பெரும்பாலும் அந்தச் சிறு துளையின் வேலையைத்தான்.

நான் பட்டது தகட்டுக் கணக்கில். ஒருமுறை 0.15 மில்லிமீட்டர் தகடு கையிருப்பில் இல்லை. மூன்றில் ஒரு பங்குதானே கூடுதல் என்று 0.20 போட்டு அனுப்பினேன். தகட்டின் விறைப்பு தடிமனின் கனத்துக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பப் போகும் என்பது அன்று நினைவில் இல்லை. கணக்குப் போட்டால் ஒரு தகட்டுக்கு 2.37 மடங்கு! காரை ஓட்டிய பையன் குழியில் துள்ளித் துள்ளித் தடத்தை விட்டே வெளியே போய்விட்டான். அடி எதுவும் படவில்லை, ஆனால் எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. அதிலிருந்து டைனோவில் (ஷாக்கின் விசையை அளக்கும் இயந்திரம்) ஏற்றி வரைபடம் பார்க்காமல் ஒரு ஷாக்கையும் வெளியே விடுவதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் கெட்டி நம்பரை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 5 இல்லை.

மோனோடியூபில் (ஒற்றைக் குழாய் ஷாக்) நைட்ரஜன் அழுத்தத்தை மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று. 14 மில்லிமீட்டர் தண்டு, 10 பார் அழுத்தம் என்றால் அந்த ஷாக் மட்டுமே காரைச் சுமார் 16 கிலோ விசையோடு மேலே தள்ளும். அழுத்தத்தை மாற்றினால் உயரத்தையும் மூலை எடையையும் (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் நிற்கும் எடை) திரும்ப அளந்துவிடுங்கள். வாயுவை இறக்காமல் ஷாக்கைப் பிரிக்கவே கூடாது, கை போய்விடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

என்னுடையது சின்ன விஷயம். இரட்டைக் குழாய் ஷாக்கை அலமாரியில் படுக்க வைத்திருந்தேன். அப்படியே எடுத்து மாட்டி ஓடினால் முதல் சுற்றில் அந்த மூலை தொளதொள. உள் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இப்போதெல்லாம் நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுதாக ஏழெட்டுத் தடவை இழுத்து அமுக்கி, வெற்றுத் துள்ளல் போன பிறகுதான் மாட்டுகிறேன். நீளப் பந்தயத்தில் எண்ணெய் சூடேறி இளகுவதும் நுரைப்பதும் தனிக் கதை. அதைத் தாங்காமல்தான் மோனோடியூபுக்கு மாறினேன்.

பெனோனியிலிருந்து:

என் தம்பி ஓட்டுகிறான், நோட்டு எழுதுவது நான். சாட்ஸ்வொர்த் அண்ணா சொன்ன நுழைவுத் தொல்லைக்கு எங்களுக்கும் ஒரு வைத்தியம் சொன்னார்கள்: உட்பக்கப் பின் சக்கரத்தில் ரீபவுண்டைக் கெட்டியாக்கி, பிரேக் போடும்போது பின்பக்கம் எழாமல் கட்டிப்போடுவது. வழவழப்பான தடத்தில் பலித்தது. மாலையில் தடம் பள்ளம் பள்ளமாக உடைந்ததும் எல்லாம் தலைகீழ். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய நேரத்தில் ஷாக் அதை மேலேயே பிடித்து வைத்தது. டயர் தரையைத் தொட்டால்தானே பிடிக்கும்? வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது.

இன்னொன்று. நண்பர் காரிலும் எங்கள் காரிலும் ஒரே ஷாக், ஆனால் அவர் கார் எப்போதும் ஆடியது. போய்ப் பார்த்தால் அவர் ஷாக்கை நேர் நிலையிலிருந்து 45 டிகிரி சாய்த்து மாட்டியிருந்தார். நேராக நின்றால் துள்ளலை அடக்கக் கிடைக்கும் விசையில் பாதிதான் அப்போது சக்கரத்துக்குப் போய்ச் சேரும். 30 டிகிரி என்றால் முக்கால் பங்கு. வால்வைப் பிரிக்கும் முன் பிராக்கெட்டைப் பாருங்கள்.

அண்ணா, ஒரு கேள்வி. தண்டு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று எப்படி அளக்கிறீர்கள்?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தங்கச்சி, நாங்கள் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டி, ஓடும் முன் ஷாக்கின் குழாயைத் தொடும்வரை தள்ளி வைக்கிறோம். ஓடி முடித்ததும் அது நின்ற இடத்தை அளந்தால் கம்ப்ரஷன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். முட்டுக்கட்டை ரப்பரை ஒட்டி நின்றிருந்தால் ஷாக் அடி தட்டியிருக்கிறது. அப்போது வால்வைக் குறை சொல்லிப் பயனில்லை, ஸ்பிரிங்கையும் உயரத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். நாலு மூலையையும் ஒவ்வொரு ஹீட்டுக்கும் எழுதி வையுங்கள், கூடவே தடம் ஈரமா, வழவழப்பா, பள்ளமா என்றும். உங்கள் நோட்டில் உள்ள அந்தப் பள்ளத்துப் பந்தய அளவுகளை முடிந்தால் இங்கே போடுங்கள், என் காரோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை.