இரண்டாம் தவணையும் ஜுவாரா கடற்கரையும்: கடலாமை கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

தமிழாசிரியை, சிங்கப்பூர்

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று கடலாமைப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டவர்களும், மாணவப் பருவத்தில் அப்படிச் சென்றவர்களும் தாங்கள் கண்டதை இங்கே எழுதினால், அடுத்த ஆண்டு புறப்படவிருக்கும் பள்ளிகளுக்குப் பயன்படும். முதலில் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் தவணை எப்போதுமே நெருக்கடியானது. ஏப்ரல் முழுவதும் தமிழ்மொழி மாத நிகழ்ச்சிகள், அதன்பின் இணைப்பாட நடவடிக்கைப் போட்டிகள், மே மாத இறுதியில் பெற்றோர் சந்திப்பு என்று நாட்கள் ஓடிவிடும். இவ்வாண்டு இவற்றோடு ஜூன் விடுமுறையில் மலேசியாவின் தியோமான் தீவுக்குச் செல்லும் ஆறு நாள் பயணமும் சேர்ந்துகொண்டது. உயர்நிலை மூன்றில் படிக்கும் 18 மாணவர்களும் ஆசிரியர்கள் மூவரும் சென்றோம். தவணை முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமைக் காலைகளில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் குப்பை அகற்றி, எடை பார்த்து, வகை பிரித்துக் குறித்துவைத்தோம். அதே கடற்கரைக்கு அழுங்காமை என்னும் கடலாமைகள் முட்டையிட வருவதுண்டு என்பதைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை. சிறு வயது முதல் மிதிவண்டி ஓட்டிய இடத்தில் ஆமை கரையேறுகிறது என்று தெரிந்தபோது அவர்கள் முகத்தில் தோன்றிய திகைப்பை நான் மறக்கவில்லை.

வகுப்பில் நெய்தல் திணை நடத்துகையில், இந்தப் பயணத்தை மனத்தில் வைத்தே அகநானூற்றின் 160ஆம் பாடலை எடுத்துக்கொண்டேன். குமிழிஞாழலார் நப்பசலையார் பாடியது அது. நிறைசூல் கொண்ட ஆமை அடும்புக் கொடி சிதையுமாறு மணல்மேட்டில் ஏறி முட்டையிட்டு மறைத்துச் செல்கிறது. யானைக் கொம்பில் கடைந்த வட்டைப் போன்ற, புலால் நாறும் அந்த முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது. பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “ஆண் ஆமை உண்மையிலேயே கரைக்கு வந்து காவல் இருக்குமா?” என்று கேட்டாள். பாடலில் அப்படித்தான் உள்ளது என்பதற்கு மேல் அன்று என்னிடம் விடையில்லை. அங்கே சென்று கேட்டுக்கொள்வோம் என்றேன்.

தீவுக்குப் படகேறும் மெர்சிங் துறையின் ஆற்றுமுகம் ஆழம் குறைந்தது. கடலில் நீர் ஏறும் நேரத்தைப் பொறுத்தே படகு புறப்படும் என்பதால், பயணத் திட்டம் வகுப்பவர்கள் அங்கே சில மணி நேரம் காத்திருக்க இடம்விட்டு வைப்பது நல்லது. தெக்கேக்கில் இறங்கி, செங்குத்தான காட்டுச் சாலையில் நான்கு சக்கர உந்துவண்டியில் தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஜுவாராவின் கடலாமைப் பாதுகாப்பு நிலையத்தை அடைந்தோம். பகலில், முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பிடத்தின் பழைய மணலை அள்ளி அகற்றிப் புதிய மணலைச் சலித்து நிரப்பினோம். கரையில் ஒதுங்கிய நெகிழிப் போத்தல்களையும் அறுந்த வலைத் துண்டுகளையும் பொறுக்கினோம். முதுகு ஒடியும் வேலைதான். நிழல்வலை கட்டும்போது, அது எதற்கு என்று நிலையத்தினர் விளக்கினார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும், அதற்கு மேல் வெப்பம் ஏற ஏறப் பெண் குஞ்சுகளே மிகும். அதன்பின் வெப்பமானியைப் பார்த்துக் குறிக்கும் வேலைக்குப் பிள்ளைகள் போட்டிபோட்டார்கள்.

இரவில் இரண்டிரண்டு மணி நேரமாக முறைவைத்துக் கரையில் நடந்தோம். சிவப்பு விளக்கு மட்டுமே அனுமதி. மணலில் டிராக்டர் ஓடியதுபோன்ற தடம் தெரிந்தால் ஆமை ஏறியிருக்கிறது என்று பொருள். பேராமை எனப்படும் பச்சைக் கடலாமை இரு முன்துடுப்புகளையும் ஒருசேர ஊன்றி வருவதால் அதன் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். அழுங்காமை மாற்றி மாற்றி ஊன்றுவதால் தடம் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். முதல் இரண்டு இரவுகளும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் இரவு ஒரு பேராமை நீர்விளிம்பைத் தாண்டி ஏறத்தொடங்கிய நேரத்தில், எங்கள் குழுவில் ஒருவரின் கைப்பேசித் திரை ஒளிர்ந்தது. ஆமை நின்றது; சற்று நேரம் அசையாமல் இருந்து, பின் திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. கைப்பேசிகளை அறையிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லாமல் விட்டதே அதற்குக் காரணம். அந்தப் பிள்ளை அழுதான். முட்டையிடாமல் திரும்பிய ஆமை அடுத்த ஓரிரு இரவுகளில் மறுபடி வரக்கூடும் என்று நிலையத்தினர் ஆறுதல் சொன்னார்கள்.

கடைசி இரவு 1.40 மணிக்கு ஒரு பேராமை வந்தது. அடும்புக் கொடிகள் படர்ந்த மேட்டுக்குப் போய், அவற்றைத் துடுப்பால் கிழித்து ஒதுக்கிக் குழி தோண்டிற்று. பின்துடுப்புகள் இரண்டும் கைகளைப்போல் வளைந்து மணலை அள்ளிப் பக்கத்தில் வைத்ததை, என் மாணவர்கள் வயிற்றால் படுத்துக்கொண்டு பின்புறத்திலிருந்து பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை. 104 முட்டைகள். ஆமை குழியை மூடிக் கடலுக்குத் திரும்பிய பின்னரே முட்டைகளை எடுத்தோம். சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், எடுத்த நிலையிலிருந்து புரட்டாமல் உடனே பொரிப்பிடத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். கையுறையைக் கழற்றி முகர்ந்து பார்த்த மாணவன் ஒருவன், “ஆசிரியர், புலவு நாறு முட்டை!” என்றான். தவணை முழுவதும் நான் நடத்திய பாடங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த மறுமொழி அது என்றே கருதுகிறேன்.

ஆண் ஆமை பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்தது. இக்கடல்களில் ஆண் ஆமை பொரித்த இரவில் நீருக்குள் போனால் மீண்டும் கரையேறுவதில்லை. அப்படியானால் நப்பசலையார் ஏன் அவ்வாறு பாடினார் என்று மாணவி மறுபடியும் கேட்கிறாள். இங்கே யாரேனும் உதவ இயலுமா?

ஒரு பெற்றோர், சிங்கப்பூர்

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. அந்தப் பதினெட்டுப் பேரில் என் மகளும் ஒருத்தி. கடற்பயணம், காடு, இரவு விழிப்பு என்று படிவத்தில் படித்தபோது கையொப்பமிட எனக்குத் தயக்கமாகவே இருந்தது, செலவும் சிறிதன்று. பள்ளி உதவித்தொகை பற்றிய விவரத்தை முன்கூட்டியே தெரிவித்திருந்தால் இன்னும் சில பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

திரும்பி வந்தவள் முதல் இரவு பதினாறு மணி நேரம் தூங்கினாள். மறுநாள் எழுந்து, வீட்டுக் கூடத்தின் விளக்கை அணைத்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, பின்கால்களால் ஆமை எப்படிக் குழி தோண்டும் என்று தன் பாட்டிக்குச் செய்து காட்டினாள். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்த என் மாமியார், சிறுமியாக இருந்தபோது தாம் பார்த்ததும் அப்படித்தான் என்றார். இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் அவர் ஆமை பார்த்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குவாந்தான்

நானும் பள்ளிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலாமையைக் கண்டேன். 1970களில், திரெங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரையில். எங்களை அழைத்துப்போனது எதையும் பாதுகாப்பதற்காக அல்ல, வேடிக்கை பார்ப்பதற்காகவே.

அங்கு வந்தது ஏழுவரி ஆமை. மலாய்க்காரர்கள் அதைப் ‘பெனியு பெலிம்பிங்’ என்பார்கள். பெலிம்பிங் என்பது நட்சத்திரப் பழம், அதன் விளிம்புகளைப்போல் ஆமையின் முதுகில் வரம்புகள் ஓடுவதால் வந்த பெயர். நம்மவர்கள் அதே வரம்புகளை எண்ணி ஏழுவரி என்றார்கள். ஆளைவிட நீளமான அவ்வுயிரைச் சுற்றிக் கைவிளக்குகளோடு பெருங்கூட்டம் நின்றது. சிலர் முதுகில் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் ஓட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடலிலுள்ள மிகையான உப்பை அது அவ்வாறு வெளியேற்றுகிறது என்று பிற்காலத்தில் படித்தேன். ஆனால் அந்த இரவில் அது அழுகிறது என்றே நம்பினேன், இன்றும் நினைக்கும்போது மனம் கனக்கிறது. மறுநாள் காலைச் சந்தையில் முட்டைகள் குவியலாக விற்பனைக்கு இருந்தன.

1950களில் அக்கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 ஏழுவரி ஆமைக் கூடுகள் இருந்தன. இன்று அந்த ஆமை அங்கே வருவது ஏறக்குறைய நின்றேவிட்டது. முட்டை எடுத்ததும், மீன்வலைகளில் சிக்கியதும் இதற்குப் பெருங்காரணங்கள். எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் திரெங்கானு அரசு முற்றாகத் தடைசெய்தது 2022இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆசிரியை அவர்களே, கைப்பேசி ஒளிர்ந்ததற்காக அழுத அந்தப் பையனிடம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நூறு விளக்குகளோடு நின்ற எங்களில் ஒருவர்கூட அழவில்லை என்று சொல்லுங்கள்.

ஆமை நடையர், சென்னை

கல்லூரிக் காலத்தில், 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்போடு இரவில் ஆமைக் கூடுகளைத் தேடிக் கடற்கரையில் நடந்தவன் நான். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். நள்ளிரவை ஒட்டித் தொடங்கினால் விடிவதற்குச் சற்று முன் முடியும். இங்கு வருவது சிற்றாமை என்னும் வகை. பங்குனியை ஒட்டி வருவதால் மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். தை, மாசியிலேயே கூடுகள் கிடைக்கத் தொடங்கிவிடும். எங்கள் கரையில் இருட்டு என்பதே இல்லாததால், பொரித்த குஞ்சுகள் கடலை விட்டுச் சாலை விளக்குகளை நோக்கி ஊர்ந்துவிடும். ஆகவே முட்டைகளைப் பொரிப்பிடத்துக்கு மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

இறந்த ஆமைகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நடக்கும் இரவுகளில் உயிருள்ள ஆமையைவிட ஒதுங்கிய உடல்களையே நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர். இழுவைமடி வலையில் சிக்கி நீருக்கடியில் நெடுநேரம் கிடந்தால் மூச்சடைத்து இறந்துவிடும். மாணவர்களை அழைத்துச் செல்வோர் இதை அவர்களுக்குக் காட்டாமல் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. காட்டியபின் அருகில் இருந்து பேசுவதற்குப் பெரியவர்கள் வேண்டும், அவ்வளவே.

உங்கள் மாணவியின் கேள்விக்கு எனக்குத் தோன்றுவது இது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஆமைகள் கரைக்கு எதிரே, ஆழம் குறைந்த கடலில் திரியும். கட்டுமரத்தில் போனவர்கள் அவற்றை நாள்தோறும் பார்த்திருப்பார்கள். பெண் ஆமை புதைத்துவிட்டுப் போன கரைக்கு நேர் எதிரே ஆண் ஆமை வாரக்கணக்கில் தலைதூக்கி நிற்பதைப் பார்த்த மீனவர், அது முட்டைக்குத்தான் காவல் நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். அச்சொல்லைக் கேட்டுப் பாடியிருப்பார் நப்பசலையார். கரையேறும் ஆமையையும், அடும்பையும், முட்டையின் வாடையையும் அவ்வளவு சரியாகச் சொன்னவர் இதை மட்டும் வெறுமனே புனைந்தார் என்று என்னால் எண்ண இயலவில்லை.

தமிழாசிரியை, சிங்கப்பூர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உதவித்தொகை பற்றிய குறையைப் பள்ளியில் தெரிவித்துவிட்டேன். அடுத்த முறை அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே அது இடம்பெறும். குவாந்தான் ஐயா எழுதியதை அந்த மாணவனிடம் படித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் தவணையின் நடுவே, ஆகஸ்ட் முதல் வாரத்தில், தேசிய தினக் கொண்டாட்டத்துக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது ஜுவாராவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் கூடு 53ஆம் நாள் இரவில் பொரித்தது. 104 முட்டைகளில் 89 குஞ்சுகள் மேலேறிக் கடலுக்குள் சென்றன. மீதமிருந்த 15 முட்டைகளைத் திறந்து பார்த்ததில், ஒன்பதில் கரு வளர்ந்த அடையாளமே இல்லை. ஆறில் பாதியில் நின்றிருந்தது. பிள்ளைகள் 89ஐக் கேட்டு ஆரவாரம் செய்துவிட்டு, உடனே அந்த ஆறைப் பற்றித்தான் கேட்டார்கள். எந்த வாரத்தில் நின்றது, அந்த வாரத்தில் மணலின் வெப்பம் என்ன, நாங்கள் சலித்த மணலில் பிழையேதும் உண்டா என்று ஒரு பக்கக் கேள்விகளைத் தொகுத்து நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

சென்னை அன்பருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பள்ளிகளுக்கு மார்ச் நடுவில் ஒரு வார விடுமுறை உண்டு. நாட்காட்டியைப் பார்த்தேன், பங்குனி பிறப்பது சரியாக அதை ஒட்டித்தான். கேள்வி கேட்ட மாணவி உட்படப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து உங்களோடு ஓர் இரவு நடக்க எங்களுக்கு அனுமதி கிடைக்குமா? பகலில் மீனவப் பெரியவர்களைச் சந்தித்து, ஆண் ஆமையை எங்கே, எந்த மாதத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் நேரில் கேட்கவும் விரும்புகிறார்கள். எவ்வளவு முன்னதாக எழுத வேண்டும் என்பதைத் தெரிவித்தால், நான்காம் தவணை முடிவதற்குள் பெற்றோர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிடுவேன்.