ஐந்தாம் மாதம்: சத்தி நின்றுவிட்டது, அழுகை தொடங்கிவிட்டது

கடற்கரை ஒழுங்கை (வெள்ளவத்தை)

முதல் பிள்ளை. 21ஆவது கிழமை நடக்கிறது. வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறோம், நானும் கணவரும் மாமியும். ஊர் பருத்தித்துறை. அம்மா அங்கே. ஏழாம் மாதம்தான் வருவார்.

முதல் மூன்று மாதமும் சத்தியோடு போனது. சோறு வேகிற மணத்துக்கே வாளியைத் தேடினேன். "நாலு தொடங்கட்டும், பிறகு சுகம்தான்" என்று எல்லாரும் சொன்னார்கள். சத்தி நின்றது உண்மைதான். பசிக்கிறது, புட்டும் மீன் குழம்பும் இறங்குகிறது. ஆனால் வேறு பலது தொடங்கியிருக்கிறது. பஸ்ஸில் இருந்து எழும்பும்போது தொடை இடுக்கில் கத்தி வைத்தமாதிரி ஒரு இழுப்பு, பெரும்பாலும் வலப்பக்கம். பல் தீட்டினால் முரசில் இரத்தம். காலையில் மூக்கைச் சீறினாலும் இரத்தம். குளியலறையில் சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து மாமி ஆண் பிள்ளை என்கிறார். பிள்ளையின் அசைவை இன்னும் நான் உணரவில்லை.

ஸ்கேன் செய்தாயிற்று. இதயத்தின் நாலு அறை, முள்ளந்தண்டு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாம் சரி என்றார் டொக்டர். கணவருக்குக் கண் கலங்கியது. எனக்கு ஒன்றும் வரவில்லை. திரையில் ஒரு கை தெரிந்தது. அது என் பிள்ளையின் கை என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை.

அழுகை அதற்குப் பிறகு வந்தது. வேலை கொள்ளுப்பிட்டியில், 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருகிறேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது காரணமே இல்லாமல் கண்ணீர் ஓடும். வீட்டில் சொன்னால் "இப்ப அழுதால் பிள்ளைக்குக் கூடாது" என்பார் மாமி. அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்டபிறகு, அழுததை நினைத்தே பயந்து இன்னும் அழுகிறேன்.

இந்த நோவுகள் வழமையானவையா? அசைவு தெரியாதது பிழையா? என் அழுகை பிள்ளைக்குத் தீங்கு செய்யுமா? இந்த மாதங்களில் யாருக்காவது இப்படி மனம் இருந்ததா?

---

கொட்டாஞ்சேனை அக்கா

தங்கச்சி, எனக்கு இரண்டு பிள்ளைகள். அசைவில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் இரவில் நித்திரையைக் கெடுக்கும்.

முதல் பிள்ளைக்கு 18 முதல் 20 கிழமைக்குள் தெரியும் என்பார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. நச்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் பிள்ளை உதைப்பது மெத்தையில் உதைப்பதுபோல அமுங்கிப்போகும். மூத்தவனுக்கு எனக்கு அப்படித்தான், பிந்தித்தான் தெரிந்தது. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் நச்சுக்கொடி எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். மற்றது, முதலில் உதையாக வராது. வயிற்றுக்குள் வாயு ஓடுகிறது என்று நினைத்து விட்டுவிடுவோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இடப்பக்கம் சரிந்து, போனைத் தள்ளிவைத்துவிட்டு, கையை அடிவயிற்றில் வைத்துக் கொஞ்சநேரம் கிடந்து பாருங்கள். 24 கிழமை ஆகியும் ஒன்றுமே தெரியாவிட்டால் கட்டாயம் போய்க் காட்ட வேண்டும்.

இடுக்கு இழுப்பு எனக்கும் இருந்தது. கர்ப்பப்பையை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற தசைநார் நீளுகிறபோது வருவது. வலப்பக்கம் கூடுதலாக வருவதும் வழக்கம்தான். பஸ்ஸில் இறங்கும் தரிப்புக்கு முன்னமே, ஓடுகிற நேரத்தில் எழும்பி நிற்காதீர்கள். நின்றபிறகு மெதுவாக எழும்புங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கென்று ஒதுக்கின ஆசனம் இருக்கிறதே, கேட்டு எடுங்கள். வயிறு பெரிதாகத் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். தும்மல் வந்தால் இடுப்பைக் கொஞ்சம் மடக்குங்கள், இழுப்புக் குறையும்.

கறுப்புக் கோடு ஓர்மோனால் வருவது. எனக்கு மகனுக்கும் வந்தது, மகளுக்கும் வந்தது.

மனம் பற்றி: மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நானும் எதையும் உணரவில்லை. பிறந்து சில கிழமை கழித்து ஒருநாள் பால் கொடுக்கும்போதுதான் அவன்மேல் அந்த அன்பு வந்தது. அவனுக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

---

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

மகள், நான் பல வருடம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்தவள்.

கர்ப்பகாலத்தில் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் மூக்கும் முரசும் தடித்து இலகுவில் கசிகின்றன. மென்மையான பிரஷ் பாவியுங்கள், பல் வைத்தியரிடமும் ஒருமுறை காட்டுங்கள். இந்த நடு மாதங்களில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் சற்று இறங்கும், எழும்பும்போது கண் இருட்டுவது அதனால். கட்டிலில் இருந்து எழும்புமுன் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் இருங்கள். விழுந்தாலோ, மயங்கினாலோ, மூக்கு இரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், நேரம் பிரித்துப் போடுங்கள். குளிசையோடு பிளேன்டீ வேண்டாம், தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. தோடம்பழமோ கொய்யாவோ நல்லது.

இப்போது முக்கியமானது. அழுவதால் பிள்ளைக்குத் தீங்கு வராது. இதை நான் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன். ஆனால் நாட்கணக்காக ஒரு தாய் தனியே இதைச் சுமக்க விடக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருந்தால், எதிலும் விருப்பம் இல்லாவிட்டால், நித்திரை வராவிட்டால், அது பிரசவத்துக்கு முன்னமே வருகிற மன அழுத்தமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. கிளினிக்கில் கால் வீக்கத்தைச் சொல்வதுபோல இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாமி பக்கத்தில் இருந்தால் "தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை. இரத்தசோகையும் தைரோயிட்டும் மனதைச் சோர வைக்கும், அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் ஒருதரம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

கீழே இரத்தம் பட்டால், நீர் கசிந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், கடும் தலையிடியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால் அன்றே போக வேண்டும். கொழும்பில் இருப்பதால் இன்னொன்று: காய்ச்சல் வந்தால் டெங்குவை நினைத்து முதல் நாளே காட்டுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு நோக்குளிசை போட வேண்டாம்.

---

தெஹிவளை அப்பா

தங்கச்சி, ஆம்பிளை எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். என் மனைவியும் ஐந்தாம் ஆறாம் மாதங்களில் பேச்சே இல்லாமல் இருந்தா. சத்தி நின்றதால் சுகமாகிவிட்டா என்று நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். ஸ்கேனில் உங்கள் கணவருக்குக் கண் கலங்கியது என்றீர்களே, அவருக்கு உங்கள் நிலை தெரிந்தால் சும்மா இருக்க மாட்டார். வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால் மேலே எழுதியதை அப்படியே அவரிடம் காட்டுங்கள். பின்னேரங்களில் அலுவலக வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகவாவது செய்வார். பஸ்ஸில் தனியே அழுவதைவிட அது நல்லது.

---

கடற்கரை ஒழுங்கை (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் நன்றி. அம்மா, அழுதால் தீங்கு வராது என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கினது.

அக்கா, ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். நச்சுக்கொடி முன்பக்கம் என்றுதான் இருக்கிறது. கணவரிடம் காட்டினேன். வாசித்து முடித்துவிட்டு அடுத்த கிளினிக்குக்கு லீவு போட்டுத் தானே வருவதாகச் சொன்னார். டொக்டரிடம் தனியாகப் பேசப் போகிறேன். மனம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் என்ன செய்வதென்று தெரிகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். 24 கிழமைக்குப் பிறகு சீனி பார்க்கக் குளுக்கோஸ் தண்ணீர் தருவார்களாமே. வெறுவயிற்றில் குடித்தால் எனக்கு மறுபடி சத்தி வருமோ என்று பயமாக இருக்கிறது.

---

கொட்டாஞ்சேனை அக்கா

75 கிராம் குளுக்கோஸ், நல்ல இனிப்பு. ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும். முதலிலும், ஒரு மணித்தியாலத்திலும், இரண்டு மணித்தியாலத்திலும் இரத்தம் எடுப்பார்கள். நடந்து திரியாமல் இருக்கவேண்டும். சத்தி எடுத்தால் மறைக்காமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள், வேறொரு நாள் செய்ய வேண்டிவரும். கடைசி இரத்தம் எடுத்தவுடன் சாப்பிட வீட்டில் இருந்து ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள், நான் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன்.