நம்ம ஊர் புத்தகத் திருவிழாவுக்கு எதுக்குப் போகணும்?

களியக்காவிளைக்காரன்:
நாகர்கோவிலில் புத்தகத் திருவிழா, கலைவிழா, போட்டோ கண்காட்சி என்று எந்த அறிவிப்பு வந்தாலும் "வாங்க மக்கா" என்று குரூப்பில் போடுகிறீர்கள். எதுக்கு வரணும்? எனக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். டிசம்பரில் அங்கே சர்வதேசத் திரைப்பட விழா. ரயிலேறினால் கொச்சி, 2012லிருந்து பியனாலே என்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சி நடக்கிற ஊர். இங்கே சமையல் புத்தகம், ஜோசியம், பத்து சதவீதத் தள்ளுபடி, அது பஸ்ஸுக்கும் பஜ்ஜிக்கும் சரியாய்ப் போகும். போன முறை பார்த்த போட்டோ கண்காட்சியில் பாதிக்கு மேல் சூரிய உதயம், அதுவும் பிளெக்ஸில் அடித்தது.

வடசேரி அக்கா:
1956 நவம்பர் 1ல் நம்ம குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது மறந்துபோச்சா தம்பி? பொன்னீலன் 1994, தோப்பில் முகமது மீரான் 1997, நாஞ்சில் நாடன் 2010. சாகித்ய அகாதெமி வாங்கிய மூணு பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். காலச்சுவடு பதிப்பகம் இருப்பதே நாகர்கோவிலில். நாமே போகாவிட்டால் வேறு யார் போவார்கள்?

களியக்காவிளைக்காரன்:
அக்கா, அவர்கள் முகம் வரவேற்பு வளைவில் இருந்தது. புத்தகத்தைத் தேடி ஆறு ஸ்டால் ஏறி இறங்கினேன். மேடையில் வெளியூர்ப் பட்டிமன்றம், மாமியாரா மருமகளா. பெருமைக்கு நாம், மைக் அவர்களுக்கு.

தோவாளைப் பூ:
இதில் நான் அண்ணன் கட்சி. என் மாமா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். கோயில் கொடைவிழா என்றால் விடிய விடியப் பாடுகிற குழு, ஒரு கலைவிழாவில் இருபது நிமிஷம் கொடுத்தார்கள். வைக்கோல் புரிமணை போட்டுக் குடத்தை உட்கார வைத்து, வில்லைக் கட்டி, சுதி சேர்க்கவே பத்து நிமிஷம் ஆகும். கடவுள் வாழ்த்தான காப்புப் பாடி முடித்து, வில்லை அடிக்கிற வீசுகோலை ஓங்கிக் கதைக்குள் இறங்கப் போகும்போது ஒருத்தர் ஓடிவந்து, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், முடிச்சுக்கோங்க என்றார். மாமா குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஆனால் மேடைக்குப் பின்னால் ரெண்டு பேர் வந்து நம்பர் வாங்கிப் போனார்கள். அதில் ஒரு கொடை உறுதியாச்சு. அதனால் இந்த வருஷமும் போவேன் என்கிறார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

முட்டம் கேமரா:
அந்தச் சூரிய உதயங்களில் ஒன்று என்னுடையது, மன்னிக்கவும். குளச்சல் மீன் ஏலத்தையும் அனுப்பினேன், அதை எடுக்கவில்லை. கூடவே பாய் விரித்த கட்டுமரம் ஒன்று மாட்டியிருந்தார்கள். தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கெஞ்சி, கரையோரமாகப் பாய் விரிக்க வைத்து எடுத்த படம். எல்லாரும் கலர் நல்லாருக்கு என்று போனார்கள். மீன் விற்கிற ஒரு பாட்டி மட்டும் கூடையை இடுப்பில் வைத்தபடி ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "அலை ஒரு பக்கம் போவுது, பாய் ஒரு பக்கம் நிக்குது. இது கடலுக்குப் போன மரமா, போட்டோக்கு நின்ன மரமா மக்கா?" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போச்சு. கொச்சியில் மாட்டியிருந்தால் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என் படத்தின் பொய்யைக் கண்டுபிடித்துவிடக்கூடிய ஆட்கள் இங்கேதான் வருகிறார்கள், அதற்காகவே நான் இங்கே மாட்டுவேன்.

களியக்காவிளைக்காரன்:
பாட்டியை விழாக்குழுவில் போடுங்கள், நாளைக்கே வருகிறேன்.

வடசேரி அக்கா:
நீ வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்தானே நாலு பேர் கேள்வி கேட்க முடியும்? வீட்டிலிருந்து டைப் அடித்தால் யாருக்குக் கேட்கும்?

களியக்காவிளைக்காரன்:
நாற்காலி நிறைந்திருந்தால் அதே பட்டிமன்றத்தைத்தான் மறுபடி வைப்பார்கள் அக்கா, கூட்டம் வந்ததே என்று கணக்குக் காட்டுவார்கள். சரி, அந்தக் குடக்கார மாமாவுக்கு எத்தனை மணி? அதுக்கு மட்டும் வருகிறேன்.

தோவாளைப் பூ:
நாலரை. பந்தலில் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும் அண்ணா, துண்டு எடுத்துட்டு வாங்க.