அம்மாவுக்கு ஊதும் டெஸ்ட் (எங்கள் குடும்பக் குழு)

நான்: அம்மாவுக்கு ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் டெஸ்ட்) எடுத்தாகிவிட்டது. கிளம்பிவிட்டோம். சிஓபிடி என்கிறார் டாக்டர், அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்.

மாமா: அது பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு வருவதல்லவா? அக்கா என்றைக்கு அதையெல்லாம் தொட்டது?

நான்: விறகுப் புகையும் புகைதானே மாமா. 35 வருடம், ஜன்னலே இல்லாத அந்தச் சமையலறையில். டாக்டர் முதலில் கேட்டதே அடுப்பைப் பற்றித்தான்.

சித்தி: எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்களே? விரலில் மாட்டிப் பார்த்தபோதும் ஆக்சிஜன் 97 இருந்ததே.

நான்: அதை நம்பித்தான் ஒரு வருடம் போய்விட்டது சித்தி. படியேறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும், வயதாகிவிட்டது என்று நானே அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது. மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது ஊதிப் பார்த்தால்தான் தெரியுமாம்.

அக்கா: அம்மா ஒழுங்காக ஊதினார்களா?

நான்: மூக்கில் கிளிப் போட்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் முழு வேகத்தோடு வெளியே தள்ள வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, 6 நொடியாவது ஊத வேண்டும். முதல் இரண்டு தடவை இருமல் வந்து கெட்டுவிட்டது. "அடுப்பை ஊதுகுழலால் ஊதுவீர்களே பாட்டி, அதைவிட வேகமாக ஊதுங்கள்" என்றது அங்கிருந்த பெண். அப்புறம் மூன்று தடவையும் சரியாக வந்தது.

நான்: மொத்தம் வெளியே வந்த காற்று 2 லிட்டர். அதில் முதல் நொடியில் வந்தது 1.1 லிட்டர்தான், 55 சதவீதம். 70க்குக் கீழே என்றால் அடைப்பு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதியபோதும் முதல் நொடியில் 1.15 லிட்டர்தான். ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் நன்றாக ஏறியிருக்குமாம்.

மாமா: மருந்து உறிஞ்சும் பம்ப் (இன்ஹேலர்) கொடுத்தார்களா? பழகிவிட்டால் விட முடியாது என்பார்களே.

அக்கா: அப்படி இல்லை மாமா. என் பையனும் போடுகிறானே. மைக்ரோகிராம் கணக்கில்தான் மருந்து, நேராக நுரையீரலுக்குப் போகிறது. தம்பி, பம்ப்பில் ஸ்பேசர் (வாய்க்கும் பம்ப்புக்கும் நடுவில் மாட்டும் குழாய்) வைத்துப் போடு. இல்லாவிட்டால் நிறைய மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும்.

நான்: வாங்கிவிட்டேன் அக்கா.

அம்மா: எனக்கு ஒன்றும் இல்லை, யாரும் பயப்படாதீர்கள். குளிக்க வெந்நீரையும் இனிமேல் கேஸில்தான் போட வேண்டுமாம்.

சித்தி: எங்கள் வீட்டில் வெந்நீருக்கு இன்னும் விறகுதான். எனக்கும் காலையில் இருமல் விடுவதே இல்லை.

நான்: சனிக்கிழமை வாருங்கள் சித்தி, நானே கூட்டிப்போகிறேன். அன்றைக்குக் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், ஊத முடியாது.