உதவி: வேனில் டீபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு அணையவில்லை, வடிகட்டியை வெட்டி எடுக்கலாமா?

கல்லடி வேன்காரன்:
ஜப்பான் டீசல் வேன். கல்லடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் வேலை. டீபிஎஃப் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இப்போது மினுங்குகிறது. இழுவையும் குறைந்துவிட்டது. உள்ளிருக்கும் வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் குழாயை ஒட்டித் தருவதாக ஒரு கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?

அக்கரைப்பற்று மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. நைட்ரஜன் ஒக்சைட் என்ற நச்சு வாயுவைக் குறைப்பதற்காக, ஈஜிஆர் என்ற அமைப்பு புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிறது. அதனால் கரி கூடும். அந்தக் கரியைப் பிடிக்கத்தான் வடிகட்டி. வெட்டினால் அவ்வளவும் பின்னால் வரும் சைக்கிள்காரரின் மூக்குக்குள்.

கரி நிறைந்ததும் எஞ்சின் கூடுதலாக டீசல் தெளித்து, புகையின் வெப்பத்தை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸுக்கு ஏற்றி அதை எரித்துவிடும். அதற்கு நின்று நின்று போகாத ஓட்டம் வேண்டும். உங்கள் ஓட்டமோ பாலம் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலில் கலக்கும். முதலில் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள்.

மருதமுனை வாசகர்:
யூரியாத் திரவம் ஊற்றினால் சரியாகும் என்றார்களே?

அக்கரைப்பற்று மெக்கானிக்:
அது நைட்ரஜன் ஒக்சைட்டை நைட்ரஜனும் நீருமாக மாற்றும் 32.5 சதவீதக் கரைசல். அதற்கென்று தனித் தாங்கி உள்ள வாகனங்களுக்கு மட்டும். கரியைத் தொடாது. வயலுக்கு எறியும் யூரியாவைக் கரைத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்!

கல்லடி வேன்காரன்:
பார்த்தேன் அண்ணன். ஒயில் மேற்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது. கம்பியிலிருந்து தண்ணீர்போல் சொட்டுகிறது, டீசல் நெடி வேறு.

அக்கரைப்பற்று மெக்கானிக்:
இனி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். மிஞ்சிய ஒயிலை எஞ்சின் உள்ளிழுத்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடிச் சிதறிவிடும். ஒயிலையும் அதன் வடிகட்டியையும் மாற்றுங்கள். டீபிஎஃபின் அழுத்த சென்சருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அளவு பொய் சொல்லும். பிறகு எஞ்சின் கணினியோடு பேசும் ஸ்கேனர் போட்டு, நின்ற இடத்திலேயே கரியை எரிக்கலாம். வைக்கோல் கிடக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அதன் பின் இடைக்கிடை வாழைச்சேனை வரை ஒரே ஓட்டமாகப் போய் வாருங்கள்.

காத்தான்குடி நானா:
என்ன ஒயில் ஊற்றுகிறீர்கள் தம்பி? டிரக்டர் ஒயில் என்றால் சாம்பல் அதிகம். கரி எரியும், சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். இத்தகைய ஜப்பான் வேன்களுக்குப் பெரும்பாலும் டீஎல்-1 (சாம்பல் குறைந்த ஒயில் தரம்) என்று போட்ட டப்பா. வேனின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். கட்டுப்படியானால் சுப்பர் டீசல் அடியுங்கள், கந்தகம் குறைவு.

கல்லடி வேன்காரன்:
நன்றி நானா, வாங்கும்போது டப்பாவைப் பார்த்து வாங்குகிறேன். பிள்ளைகளுக்கு நாளைக்கு வேறு வேன் சொல்லிவிட்டேன். நகருக்குள் ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜ் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.