32-ஆம் வசனம் வரைக்கும்

தம்பி தொழில் தொடங்கி, கடன் மேல் கடன் வாங்கி, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீடு திரும்பியபோது அப்பா அவனை ஒன்றுமே கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றதோடு சரி. எனக்கு வயிறு எரிந்தது. அன்று இரவே பைபிளில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'கெட்ட குமாரன் கதை. நிதானமாக வாசி' என்று கீழே எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது: 'வாசிச்சிட்டேன் அண்ணா. நீங்களும் 32-ஆம் வசனம் வரைக்கும் வாசிங்க.'

என்ன திமிர் என்றுதான் முதலில் தோன்றியது. சிறுவயதிலிருந்து நூறு முறை கேட்ட கதை: சொத்தில் பங்கு வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கிறார்; வீட்டோடு இருந்த மூத்த மகன் கோபித்துக்கொண்டு உள்ளே போக மறுக்கிறான். ஆனால் பிரசங்கத்தில் கேட்டாலும் சரி, நானாக வாசித்தாலும் சரி, 24-ஆம் வசனத்தில் விருந்து தொடங்கியதும் என் மனம் எழுந்து போய்விடும். மூத்த மகன் வயலிலிருந்து வருவது அதற்கு அப்புறம்தான்.

பல நாள் கழித்து உட்கார்ந்து வாசித்தேன். இளையவன் "துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி" சொத்தை அழித்தான் என்று மட்டுமே 13-ஆம் வசனம் சொல்கிறது. வேசிகளிடத்தில் அழித்தான் என்று சொல்வது யார்? அண்ணன். வயலில் இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அதோடு, தம்பி என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். அப்பாதான் "உன் சகோதரனாகிய இவன்" என்று திருத்துகிறார்.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால், தம்பி சீட்டாடித் தொலைத்தான் என்று மூன்று உறவினர்களிடம் சொல்லியிருந்தேன். அவன் சீட்டைத் தொட்டதை நான் பார்த்ததே இல்லை. கதை நன்றாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டது.

இப்போது வாசிக்கும்போது வேறு யார் முகமாவது நினைவுக்கு வந்தால் நிறுத்திவிட்டு முதல் வசனத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கிறேன். சில நாள் ஐந்து வசனம் தாண்ட அரைமணி நேரம் ஆகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

* * *

வாட்ஸ்அப் என்றதும் சிரித்துவிட்டேன். நாத்தனார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வசனத்தை ஸ்டேட்டஸ் வைத்தவள் நான். சண்டைக்காரியோடு பெரிய வீட்டில் இருப்பதைவிட வீட்டின்மேல் ஒரு மூலையில் இருப்பது மேல் என்று நீதிமொழிகளில் வருமே, அதுதான். யார் யார் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். நாத்தனார் பார்த்தாளா தெரியாது. என் கணவர் பார்த்துவிட்டு, "இத நீயேவா போட்ட?" என்று கேட்டார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார், அதுதான் வலித்தது.

* * *

அண்ணன் சொல்வது சரி. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நான் பட்டிருக்கிறேன். நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் கணக்கு கேட்டபோது, "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்ற மத்தேயு 7:1-ஐச் சொல்லி என் வாயை அடைத்தார்கள். அந்தப் பகுதி அங்கே முடியவில்லை. உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை முன்பு எடு, பின்பு சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறது 5-ஆம் வசனம். துரும்பு அப்படியே இருக்கட்டும் என்று இயேசு சொல்லவில்லை. தவறு செய்பவர்கள் ஒளிந்துகொள்ள அந்த வசனத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உத்திரம் என்று எனக்கும் ஒன்று இருந்தது. கமிட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுக்காத கோபத்தில் பாதியும் கணக்கின் மேல் உள்ள அக்கறையில் பாதியுமாகத்தான் கேட்டிருக்கிறேன். அது புரிய இரண்டு மாதம் ஆனது. மறுபடி கேட்டபோது குரல் உயரவில்லை. கணக்கு வந்ததா என்றால், பாதி வந்தது.

* * *

பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரக் கடைசியில் ஒரு பாவப் பட்டியல் இருக்கிறது. பக்கத்து வீட்டாரையும் அலுவலகத்தாரையும் அதில் பொருத்திப் பார்த்துவிட்டு, அதிகாரம் முடிந்தது என்று எழுந்துவிடுவேன். அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல, பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அவர் மூச்சுவிடாமல் அடுத்து எழுதியது: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை". பட்டியலில் புறங்கூறுகிறவர்களும் உண்டு. சரி, நான் உட்கார்ந்துகொண்டேன்.

* * *

கணக்கு கேட்ட சகோதரருக்கு: நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். தம்பி கடன் வாங்கியது தவறுதான், அதை அவனிடமே உட்கார்ந்து பேசினேன். சீட்டாட்டம் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

உறவினர் மூவரில் இரண்டு பேருக்குப் போன் செய்து, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது பெரிய மாமா. இன்னும் பேசவில்லை. எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன். மூத்த மகன் விருந்துக்கு உள்ளே போனானா என்று லூக்காவும் எழுதவில்லை.