பைராய்ட் விழாவின் புதுப்பாணி அரங்கேற்றங்களை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (டர்பன்): எங்கள் சங்க இதழுக்காக, ஜெர்மனியின் பைராய்ட் நகரில் நடக்கும் கோடை விழாவில், இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்களைப் புதிய கோலத்தில் மேடையேற்றுவது பற்றி எழுதுகிறேன். 2010-இல் ஹான்ஸ் நாயன்ஃபெல்ஸ் அரங்கேற்றிய ‘லோஹென்கிரீன்’ காணொளியில், கூட்டுப்பாடகர்கள் ஆய்வுக்கூட எலிகளாக வருகிறார்கள். இதைக் கேலிக்கூத்து என்று தள்ளிவிடலாமா?

மறுமொழி (சாட்ஸ்வொர்த்): தள்ளிவிடாதீர்கள், அண்ணா. யார் கட்டளையிட்டாலும் அந்தப் பக்கம் சாயும் கூட்டம் அந்தக் கதையிலேயே இருக்கிறது. எலி வேடம் அதைத்தான் கண்ணுக்குக் காட்டுகிறது. 1976-இல் இயக்குநர் பத்ரீஸ் ஷெரோ, வாக்னரின் நான்கு இசைநாடகங்கள் கொண்ட ‘ரிங்’ தொடரின் தொடக்கத்தில் ரைன் நதிக்குப் பதிலாக நீர்மின் அணையை நிறுத்தியபோது அரங்கமே கூச்சலிட்டது. 1980-இல் அதே தயாரிப்பு விடைபெற்றபோதோ கைதட்டல் ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. முதல் நாள் கூச்சலை வைத்துத் தீர்ப்பெழுதுவது அவசரம்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): எல்லாவற்றுக்கும் இப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. 2013-இல் ஃபிராங்க் காஸ்டோர்ஃப், அதே ‘ரிங்’ தொடரின் மூன்றாம் நாடகமான ‘சீக்ஃபிரீட்’டில் மார்க்ஸ், லெனின், ஸ்டாலின், மாவோ முகங்களை மலையில் செதுக்கி வைத்தார், அதுகூடப் பொருந்தும் என்பேன். ஆனால் இறுதிக் காதல் காட்சியில் முதலைகள் ஊர்ந்து வந்தால் பாட்டில் யாருக்குக் கவனம் நிற்கும்? பாடகர்களுக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள், ஐயா. பைராய்ட் அரங்கில் இசைக்குழு மேடைக்கடியில் மறைந்திருப்பதால் குரல் அமுங்காமல் எழுகிறது. காணொளியில் அது முழுதாகப் பிடிபடாது என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.